யெல்லோஸ்டோன் பனியில போட்டோ டூர்: கேளுங்க, சொல்றேன்

போன இதழ்ல, அமெரிக்காவோட யெல்லோஸ்டோன் நேஷனல் பார்க்ல பனிக்காலத்துல போட்டோ குரூப்பைக் கூட்டிட்டுப் போற வேலை எனக்குன்னு ரெண்டு வரிதான் எழுதினேன், அதுக்கே இவ்ளோ கேள்வி. ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தா ஒண்ணா சேர்த்துட்டேன். கேமரா எது வாங்கலாம்னு கேட்டவங்க மன்னிக்கணும், அதுக்கு இங்க இடம் பத்தாது.

கேள்வி: அண்ணா, யெல்லோஸ்டோன்னாலே எல்லாரும் கோடையிலதான் போறாங்க. பனியில எந்த மாசம் போனா நல்லது? உள்ள கார்ல சுத்த முடியுமா?

கோடையில கூட்டம் கீழ இருக்கும், மிருகத்துல பாதி மேல ஏறிப் போயிருக்கும். பனி ஆழமா விழுந்துட்டா மேல புல்லு எட்டாது, அதனால எல்க்ங்கற பெரிய மான், பைசன்ங்கற காட்டெருமை, பிக்ஹார்ன்ங்கற மலை ஆடு எல்லாம் வடக்குப் பக்கத்துல தாழ்வான பள்ளத்தாக்குக்கு இறங்கி வந்துடும், அதுங்க பின்னாடியே ஓநாய், ஓநாய் தின்னுட்டு மிச்சம் வெக்கறதுக்காக கொயோட்டி (நம்ம ஊர் குள்ளநரி மாதிரி), நரி, அண்டங்காக்கா, கழுகுன்னு ஒரு கூட்டமே வரும். வெள்ளைத் தரையில எது நடந்தாலும் தெரியும், அதுதான் நமக்கு லாபம்.

ரோடு விஷயம் கவனமா கேளுங்க. பார்க் கிட்டத்தட்ட 8,980 சதுர கிலோமீட்டர், வயோமிங், மொன்டானா, ஐடஹோன்னு மூணு ஸ்டேட்ல பரவியிருக்கு. அவ்ளோ பெரிய இடத்துல பனிக்காலத்துல சாதாரண கார் போற ரோடு ஒண்ணே ஒண்ணுதான். வடக்கு வாசல்ல கார்டினர்ங்கற சின்ன ஊர்ல ஆரம்பிச்சு மேமத், டவர் ஜங்ஷன், லாமர் வேலி வழியா குக் சிட்டி வரைக்கும், சுமார் 90 கிலோமீட்டர். குக் சிட்டிக்கு அந்தப் பக்கம் பனி மூடிடும், போன வழியிலயேதான் திரும்பி வரணும். மத்த உள் ரோடெல்லாம் டிசம்பர் நடுவுல இருந்து மார்ச் நடு வரைக்கும் பனி மேல ஓடற வண்டிக்கு மட்டும்தான், அதாவது ஸ்னோமொபைலும், பெரிய பெரிய டயர் போட்ட ஸ்னோகோச்சும். உள்ள இருக்கற ஓல்டு ஃபெய்த்ஃபுல்ங்கற பீறிட்டு அடிக்கற வெந்நீர் ஊத்து, ஹேடன் வேலி பள்ளத்தாக்கு பார்க்கணும்னா அனுமதி வாங்கின கம்பெனியோட ஸ்னோகோச்ல சீட்டு எடுக்கறதுதான் நமக்கு சரியான வழி. நவம்பர்லயோ டிசம்பர் ஆரம்பத்துலயோ போயிட்டு உள்ள விடமாட்டேங்கறாங்கன்னு பொலம்பாதீங்க, அப்போ உள் ரோடு காருக்கும் மூடியிருக்கும், ஸ்னோகோச்சும் ஆரம்பிச்சிருக்காது.

மாசம்னு கேட்டா என் ஓட்டு ஜனவரி கடைசியில இருந்து பிப்ரவரி நடு வரைக்கும். டிசம்பர்ல பனி சில வருஷம் மெல்லிசா இருக்கும், வெளிச்சமும் கம்மி. பிப்ரவரி ஓநாய்ங்க ஜோடி சேர்ற காலம், அதனால நடமாட்டமும் ஊளையும் ஜாஸ்தி, மேல்முடியும் நல்லா அடர்த்தியா இருக்கும். குரூப்புக்கு பிளான் போடறப்போ பாதிக்கு மேல நாளை வடக்குப் பக்கத்துக்கே ஒதுக்குவேன். உள்ள போறது நிலக்காட்சிக்கும் ஆவிக்கு நடுவுல நிக்கற பைசனுக்கும், வடக்கு வேட்டை மிருகத்துக்கு.

கேள்வி: கரடி பார்க்கலாமா?

முடியாது, தூங்குது. ஆண் கிரிஸ்லி கரடி மார்ச்ல தலை காட்ட ஆரம்பிக்கும். டிசம்பர் டூர் போஸ்டர்ல கரடி படம் போட்டு விக்கறவங்களைப் பார்த்தா ஒதுங்கிடுங்க.

கேள்வி: சார், ஓநாய் படம் கண்டிப்பா கிடைக்கும்னு ஒருத்தர் சொல்றார். நீங்க கியாரண்டி குடுப்பீங்களா?

மாட்டேன். பார்க்கறதுக்கு வாய்ப்பு நிறைய, படத்துக்கு வாய்ப்பு கம்மி, இந்த வித்தியாசத்தை முன்பணம் வாங்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுவேன். ஒரு காலத்துல இங்க ஓநாயை ஒண்ணு விடாம அழிச்சுட்டாங்க. அப்புறம் 1995ல கனடாவோட ஆல்பர்ட்டாவுல இருந்து 14, 1996ல பிரிட்டிஷ் கொலம்பியாவுல இருந்து 17, ஆக 31 ஓநாய் கொண்டுவந்து விட்டாங்க. இப்போ பார்க்குக்குள்ள நூறுக்குப் பக்கத்துல இருக்கு, வருஷத்துக்கு வருஷம் ஏறும் இறங்கும். நூறு ஓநாய், அவ்ளோ பெரிய காடு, நமக்கு ஒரே ரோடு. ஒரு கிலோமீட்டர், ஒன்றரை கிலோமீட்டர் தூரத்துல மலைச்சரிவுல புள்ளி புள்ளியா போறதைத்தான் பெரும்பாலும் பார்ப்பீங்க. தூரத்துல இருக்கறதைப் பார்க்கற டெலஸ்கோப்பான ஸ்பாட்டிங் ஸ்கோப்ல அது அருமையான காட்சி, 600 எம்எம் லென்ஸ்ல அதே காட்சி வெறும் கருப்புப் பொட்டு.

அப்போ லீட் பண்றவன் என்னதான் செய்வான்னு கேப்பீங்க. விடியறதுக்கு முன்னாடி குரூப்பை ரோட்டுல வெச்சிருக்கணும், ஜனவரியில சூரியன் வர எட்டு மணி ஆகும், அதனால இது ஒண்ணும் பெரிய தியாகம் இல்ல. ஸ்லூ கிரீக், லாமர் பக்கத்து வண்டி நிறுத்தற இடத்துல இறங்கி, இன்ஜினை அணைச்சுட்டு, வாயை மூடிட்டு கேக்கணும். அண்டங்காக்கா ஒரே இடத்துல சுத்துதா, எல்க் கூட்டம் தலையைத் தூக்கி ஒரே பக்கம் பார்க்குதா, கொயோட்டி விடாம கத்துதா, இதுதான் தகவல். வருஷக்கணக்கா ஸ்கோப்போட அங்கயே நிக்கற ஓநாய் பார்வையாளர்கள் இருக்காங்க, அவங்ககிட்ட மரியாதையா பேசினா எந்தப் பக்கம்னு சொல்லுவாங்க, அவங்க ஸ்கோப்புக்கு முன்னாடி டிரைபாடை நட்டு வெச்சா சொல்லமாட்டாங்க. நாமளே ஊளை விட்டுக் கூப்பிடறது, ரெக்கார்டிங் போடறது, ஓநாய் கழுத்துல மாட்டின ரேடியோ காலரோட சிக்னலைப் பிடிச்சுத் தேடறது எல்லாமே பார்க்ல தடை.

ஒண்ணு சேர்த்துக்கறேன். கூண்டுல வளர்ற ஓநாயை காசுக்குப் பனியில ஓடவிட்டுப் படம் எடுக்க விடற தொழில் மொன்டானா பக்கம் நடந்திருக்கு. கூண்டுதான்னு சொல்லிப் போட்டா அது அவங்கவங்க விருப்பம், காட்டு ஓநாய்னு எழுதிப் போட்டா பொய். என் குரூப்பை அங்க கூட்டிட்டுப் போகமாட்டேன்.

கேள்வி: விலையுள்ள லென்ஸ், உறுதியான டிரைபாட், ஷட்டர் 1/2000, இருந்தும் பனிப் பிரதேசத்துல எடுத்த படம் எல்லாம் லேசா கொழகொழன்னு இருக்கு. லென்ஸ்ல கோளாறா?

லென்ஸை சர்வீஸுக்கு அனுப்பிடாதீங்க, கோளாறு காத்துல இருக்கு. இதைப் புரியவைக்கதான் எனக்கு ஒவ்வொரு குரூப்லயும் ஒரு சாயங்காலம் போகுது. சூடான வண்டியில இருந்து லென்ஸை எடுத்துட்டு வெளிய வர்றீங்க, லென்ஸ் 20 டிகிரியில இருக்கு, வெளிய மைனஸ் 20. லென்ஸ் முன்னாடி மாட்டற அந்த நீளமான ஹூடுக்குள்ள சூடு காத்தும் குளிர் காத்தும் கலந்து நெளியுது, அந்த நெளிவு வழியாத்தான் உங்க படம் உள்ள வருது. கண்ணுக்குத் தெரியாது, பெரிசு பண்ணிப் பார்த்தா முடி எல்லாம் தண்ணிக்குள்ள இருக்கற மாதிரி வளைஞ்சிருக்கும். வண்டி ஜன்னலை இறக்கி எடுத்தா இன்னும் மோசம், ஹீட்டர் காத்து மொத்தமும் அந்த ஜன்னல் வழியா லென்ஸுக்கு முன்னாடிதான் வெளிய போகுது.

அதனால என் வண்டியில கேமரா பை டிக்கியில குளிர்லயே வரும், ஹீட்டர் மனுஷங்களுக்கு மட்டும். சட்டுனு ஏதாவது வந்து ஜன்னல்ல இருந்து எடுத்தே ஆகணும்னா ஹீட்டரை அணைச்சு, எல்லா ஜன்னலையும் இறக்கி, ஹூடைக் கழட்டிட்டு எடுங்க. பசங்க முனகுவாங்க, படத்தைப் பார்த்ததும் நிறுத்திடுவாங்க. இவ்ளோ பண்ணியும் வெயில் ஏறின அப்புறம் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கறதை எடுத்தா நெளியத்தான் செய்யும், அதுக்கு வைத்தியமே இல்ல, காலையில எடுங்க இல்ல கிட்ட வர்றவரைக்கும் காத்திருங்க.

கேள்வி: பனி சாம்பல் கலர்ல வருதே?

கேமரா மீட்டருக்கு வெள்ளைன்னா என்னன்னு தெரியாது, எல்லாத்தையும் நடுத்தர சாம்பலாக்கதான் பார்க்கும். ஃப்ரேம் முழுக்க பனின்னா எக்ஸ்போஷரை பிளஸ் 1ல இருந்து பிளஸ் 1.7 வரைக்கும் ஏத்துங்க, கேமராவுல வெளிச்ச அளவைக் காட்டற ஹிஸ்டோகிராம் படம் வலது ஓரத்தைத் தொடாம கிட்டப் போய் நிக்கணும். ஆனா அதே செட்டிங்ல ஃப்ரேமை அடைச்சுக்கிட்டு ஒரு கருப்பு பைசன் வந்தா பின்னாடி பனி வெந்து போயிடும், அப்போ சைபருக்குப் பக்கத்துல வந்துடுங்க. வெளிச்சம் மாறாத காலையில மேனுவல்ல ஒருதடவை பனிக்கு செட் பண்ணிட்டா மிருகம் கருப்போ வெளுப்போ கவலையில்ல. பனி விழறப்போ ஆட்டோஃபோகஸ் பனிச் செதிலைப் பிடிச்சுட்டு அலையும், சின்ன ஒத்தை ஃபோகஸ் புள்ளிக்கு மாத்துங்க. செதில் கோடு கோடா வரணும்னா 1/250 பக்கம், புள்ளியா நிக்கணும்னா 1/1000க்கு மேல.

கேள்வி: பேட்டரி, ஈரம் பத்தி சொல்லுங்க. ரூமுக்கு வந்ததும் லென்ஸ் முழுக்க தண்ணி கோத்துக்குதாமே?

பேட்டரி குளிர்ல சீக்கிரம் மயங்கிடும், செத்துடாது. மூணு வெச்சுக்கோங்க, ரெண்டு எப்பவும் உள் ஜாக்கெட் பாக்கெட்ல உடம்பு சூட்டோட. தீர்ந்துடுச்சுன்னு காட்டினதைத் தூக்கி உள்ள போட்டு சூடாக்கினா இன்னும் கொஞ்சம் ஓடும்.

தண்ணி கோத்துக்கறது நிஜம். ஜில்லுனு இருக்கற கண்ணாடியும் மெட்டலும் ரூம்ல இருக்கற ஈரக் காத்தைத் தொட்டதும் வேர்த்துடும். அதனால வெளிய இருக்கறப்பவே கார்டை உருவி எடுத்துக்கோங்க, கேமராவைப் பைக்குள்ள வெச்சு ஜிப்பை இறுக மூடி ரூம் மூலையில போட்டுடுங்க, மூணு நாலு மணி நேரம் திறக்கவே கூடாது. முதல் நாள் ராத்திரி யாராவது ஒருத்தர் ஆர்வத்துல திறந்துடுவார், ரெண்டாவது நாள் திறக்கமாட்டார். வெளிய இருக்கறப்போ வ்யூஃபைண்டர் மேல மூச்சு விடாதீங்க, அந்த மூச்சு அங்கயே ஐஸா உறையும், துணியால தேய்ச்சா போகாது.

கேள்வி: என் அப்பாவுக்கு 63 வயசு, கூட வர ஆசைப்படறார். குளிர் தாங்குமா? அப்புறம், கேக்கவே கூச்சமா இருக்கு, பாத்ரூமுக்கு என்ன பண்றது?

கூச்சப்படவே வேணாம் மா, நாலு மணி நேரம் வெட்டவெளியில நிக்கற டூருக்கு முதல்ல கேக்கவேண்டிய கேள்வியே இதுதான். ரோட்டோரம் சில இடத்துல தண்ணி இல்லாத குழிக் கழிவறை இருக்கு, எதுக்கு அடுத்து எது வரும்னு கூட்டிட்டுப் போறவருக்கு மனப்பாடமா தெரிஞ்சிருக்கணும், தேவையோ இல்லையோ அங்கெல்லாம் வண்டியை நிறுத்தணும். சில பேர், முக்கியமா பெண்கள், இதுக்குப் பயந்தே தண்ணி குடிக்காம இருப்பாங்க. அந்த உயரத்துல, அந்த வறண்ட குளிர்ல அது தலைவலி, களைப்புன்னு கொண்டுபோய் விடும். லாமர் வேலியே கிட்டத்தட்ட 2,000 மீட்டர் உயரம், உள்பக்கம் இன்னும் மேல.

குளிரைப் பொறுத்தவரை பார்க்ல பதிவான ரெக்கார்டு மைனஸ் 54 டிகிரி, 1933 பிப்ரவரி 9ல மேற்கு வாசல் பக்கத்துல. தினமும் அப்படி இருக்காது, பயப்படாதீங்க. மைனஸ் 20ங்கறது விடியக்காலைக்கு சாதாரணம், அதுல மணிக்கு 30 கிலோமீட்டர் காத்து அடிச்சா தோலுக்கு மைனஸ் 33 போலத் தெரியும். அதனால தெர்மாமீட்டரை மட்டும் பார்க்காம காத்தையும் பார்த்துதான் எவ்ளோ நேரம் நிக்கலாம்னு முடிவு பண்ணுவேன். அப்பாவுக்கு இதயம், ரத்த ஓட்டம் சம்பந்தமா ஏதாவது இருந்தா டாக்டர் சரின்னு சொல்லாம கூட்டிட்டு வராதீங்க.

பூட்ஸ் ஒரு சைஸ் தாராளமா எடுங்க, மூணு சாக்ஸை அடைச்சு இறுக்கிக் கட்டினா ரத்தம் ஓடாது, விரல் முதல்ல விறைக்கும். கைக்கு மெல்லிசா ஒரு உள் கிளவுஸ், அதுக்கு மேல விரல் எல்லாம் ஒண்ணா இருக்கற தடி மிட்டன், உள்ள ஒரு ஹேண்ட் வார்மர் பாக்கெட். அது இரும்புத்தூள் ஆக்ஸிஜனோட சேர்ந்து சூடாகற சமாச்சாரம், காத்து படலைன்னா வேலை செய்யாது, அதனால பூட்ஸுக்குள்ள போட கால்விரலுக்குன்னே தனியா விக்கறதை வாங்குங்க. மூக்கு நுனி, கன்னம், காது மடல் வெளுத்துப் போகுதான்னு ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டே இருக்கணும், தன் மூஞ்சி தனக்குத் தெரியாது இல்ல. யாராவது கால் விறைக்குதுன்னு சொன்னா ஓநாயே எதிர்ல நின்னாலும் அவரை வண்டிக்கு அனுப்பிடுவேன், இதுல விவாதமே கிடையாது.

கேள்வி: பைசன் ரொம்ப சாதுவா தெரியுது. 23 மீட்டர் தள்ளி நிக்கணும்னு ரூல் போட்டிருக்காங்க, இன்னும் கொஞ்சம் கிட்டப் போனா என்ன ஆயிடும்? ரேஞ்சர் எப்பவும் பார்த்துட்டா இருப்பார்?

இந்தக் கேள்வியை எழுதினவரை எனக்கு நல்லா தெரியும், ஒவ்வொரு குரூப்லயும் இவர் இருப்பார்.

ரூல் முதல்ல. கரடி, ஓநாய், மலைச்சிங்கம் இருந்தா 100 யார்டு, அதாவது 91 மீட்டர். பைசன், எல்க் முதலான மத்ததுக்கு 25 யார்டு, 23 மீட்டர். அந்தத் தூரத்துல நின்னாலும் நம்மால மிருகம் நடையை மாத்துதுன்னா அதுவும் தப்புதான். பெரிய காளை பைசன் 900 கிலோ வரைக்கும் வரும், மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல ஓடும், பனிக்காலணி போட்டுட்டு நிக்கற நீங்க எவ்ளோ ஓடுவீங்கன்னு நீங்களே சொல்லுங்க. வாலைத் தூக்கிட்டா அது கடைசி எச்சரிக்கை.

ஆனா நான் இதை முட்டிடும்ங்கற பயத்துக்காக சொல்லல. பனிக்காலத்துல புல்லுல சத்தே இருக்காது, பைசன் அந்த ராட்சசத் தலையை இடமும் வலமும் ஆட்டி ஆட்டி பனியைத் தள்ளி அடியில இருக்கற காஞ்ச புல்லைத் தின்னுது, முதுகுல இருக்கற அந்தத் திமில் பூரா அதுக்கான தசைதான். அப்படித் தின்னும் நாளுக்கு நாள் இளைச்சுட்டேதான் வரும். இலையுதிர் காலத்துல சேர்த்து வெச்ச கொழுப்பு அதுக்கு பேங்க்ல போட்ட பணம், ஏப்ரல் வரைக்கும் வட்டி கிடையாது, எடுக்கறது மட்டும்தான். நீங்க கிட்டப் போய், அது எழுந்து இடுப்பளவு பனியில முப்பது அடி நகர்ந்தா, அந்தச் செலவு அதோட கணக்குல. நீங்க போனதும் அடுத்த குரூப் வரும், அதுக்கு அடுத்தது வரும். சினைப்பசுவா இருந்தா வயித்துல இருக்கற கன்னுக்கும் சேர்த்து.

வெந்நீர் ஊத்துப் பக்கத்துல பனி உருகி புல்லு வெளிய தெரியும், மிருகம் அங்க போய் ஒண்டிக்கும். ஆவி உடம்பு மேல உறைஞ்சு முழுசா வெள்ளையா நிக்கற பைசன்தான் எல்லாருக்கும் வேணும், எனக்கும் பிடிக்கும். அதுக்கும் ஒரு விலை இருக்கு. ஃபயர்ஹோல் ஆத்துப் பக்கம் அந்த ஊத்துச் செடியில சிலிக்காவும் ஃப்ளோரைடும் ஜாஸ்தி, அதைத் தின்ன எல்க்குங்களுக்குப் பல்லு சீக்கிரமே தேஞ்சு போகுதுன்னு ஆராய்ச்சியில பார்த்திருக்காங்க.

ரோட்டுல பைசன் வரிசையா நடந்து வந்தா வண்டியை ஓரமா நிறுத்திட்டு இன்ஜினை அணைச்சுடுங்க. அழுத்தின பனியில நடக்கறது அதுக்கு சுலபம், அதான் ரோட்டுல வருது. பின்னாடியே உருட்டிட்டுப் போய் விரட்டக் கூடாது. சும்மா உக்காந்திருந்தா ஜன்னலை ஒட்டியே தாண்டிப் போகும், அந்த நேரத்துக்கு ஒரு சின்ன லென்ஸ் மடியில இருக்கட்டும். ரேஞ்சர் பார்க்கறாரா இல்லையாங்கற கேள்வியைக் குரூப்ல ஒருத்தர் கேட்டாலும் நான் வண்டியை எடுத்துட்டுக் கிளம்பிடுவேன்.

கேள்வி: நரி தலைகுப்புற பனியில குதிக்கற படம் எப்படி எடுக்கறது?

பனிக்கு அடியில ஓடற எலிச் சத்தத்தைக் கேட்டுதான் அது குதிக்குது. தலையை இப்படியும் அப்படியும் சாய்ச்சுட்டு அப்படியே நிக்கும், அப்போ விரலை ஷட்டர் மேல வெச்சுடணும், ஃப்ரேம்ல மேல நிறைய இடம் விடணும், ஏன்னா எகிறறப்போ தலை வெட்டுப்படும். ஷட்டர் 1/2000, தொடர்ந்து படபடன்னு எடுக்கற பர்ஸ்ட் மோடு. நீங்க பேசினா, பனியில கரகரன்னு நடந்தா அதுக்கு எலி கேக்காது, பட்டினி. அதனால நரி வேட்டையில இருந்தா என் குரூப்ல யாரும் நகரக்கூடாது.

கேள்வி: நானும் நல்லா படம் எடுப்பேன். ஒரு எட்டு பேரை சேர்த்து நானே அங்க டூர் லீட் பண்ணலாம்னு இருக்கேன். என்ன பண்ணனும் அண்ணா?

தம்பி, ஃப்ரெண்ட்ஸோட செலவைப் பிரிச்சுக்கிட்டு போறது வேற, காசு வாங்கிட்டு லீட் பண்றது வேற. காசு வாங்கினா நேஷனல் பார்க் சர்வீஸ்கிட்ட கமர்ஷியல் யூஸ் ஆதரைசேஷன்ங்கற அனுமதி வேணும், இன்சூரன்ஸ் வேணும், முதலுதவிப் பயிற்சி வேணும். வெளிநாட்டுல இருந்து டூரிஸ்ட் விசாவுல போய் சம்பாதிக்கறது தனிச் சிக்கல், அதை ஒரு இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட கேட்டுடு. சுலபமான வழி, ஏற்கனவே அனுமதி இருக்கற உள்ளூர் கைடு கம்பெனியோட சேர்ந்து பண்றது, வண்டியும் ரோடும் அவங்க பாத்துப்பாங்க, படம் சொல்லித்தர்றது உன் வேலை.

வேலைன்னு பார்த்தா உன் கேமரா பையிலேயே தூங்கும். ஒரு வண்டிக்கு நாலு பேருக்கு மேல ஏத்தாத, அப்போதான் ஆளுக்கொரு ஜன்னல் கிடைக்கும். கார்டினர்லயே டேங்க்கை நிரப்பிடு, லாமர் பக்கம் பெட்ரோலும் கிடையாது, செல்ஃபோன் சிக்னலும் பெரும்பாலும் கிடையாது. சக்கரம் பள்ளத்துல இறங்கினா தோண்ட மண்வெட்டி, கம்பளி, ஃப்ளாஸ்க்ல சுடுதண்ணி, ஆளுக்கு உபரி கிளவுஸ் எப்பவும் வண்டியில. நடுரோட்டுல நிறுத்தவே கூடாது, மிருகம் எவ்ளோ அழகா நின்னாலும் அடுத்த ஒதுக்கிடம் வரைக்கும் போயிட்டுதான். எந்த இடத்துல பின்வெளிச்சம் விழும், எந்த வளைவுல காத்து கம்மி, இதெல்லாம் தெரியறதுக்கு முதல் வருஷம் யாருக்காவது உதவியாளா போ.

கேள்வி: ட்ரோன்?

அமெரிக்க நேஷனல் பார்க் எல்லாத்துலயும் 2014ல இருந்து தடை. வீட்டுலயே வெச்சுட்டு வாங்க.

கேள்வி: என்கிட்ட 100-400 லென்ஸ்தான் இருக்கு. 600 எம்எம் வாங்காம வந்தா வேஸ்ட்டா?

இல்லவே இல்ல. 600 வெச்சிருக்கறவர் எல்லா மிருகத்தையும் பாஸ்போர்ட் போட்டோவா எடுத்துட்டு வருவார், பனியில தனியா நடக்கற ஒரு பைசனும் பின்னாடி மொத்த மலையும் சேர்ந்த படத்துக்கு உங்க லென்ஸ்தான் தோது. பிக்ஹார்ன் ஆடு ரோட்டோரமே மேயும், மேடிசன் ஆத்துல டிரம்பட்டர் அன்னம் நீந்தும், அதுக்கெல்லாம் 400 தாராளம். ஓநாய்க்கு மட்டும் பத்தாது, ஆனா அதுக்கு முக்கால்வாசி நேரம் 600ம் பத்தாதுன்னு மேலயே சொல்லிட்டேன். பெரிய லென்ஸ் கையில பிடிச்சுப் பார்க்கணும்னு ஆசைன்னா ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுங்க, கூடவே அதைத் தாங்கற டிரைபாடும் எடுங்க, கார்பன் ஃபைபரா இருக்கட்டும், அலுமினியத்தை மைனஸ் 20ல வெறும் கையால தொட்டா கை எரியும். புக் பண்றப்பவே என்ன லென்ஸ்னு சொல்லிடுங்க, அதைப் பொறுத்துதான் வண்டியில யார் பக்கத்துல யாரை உக்கார வெக்கறதுன்னு பார்ப்பேன்.